எக்ஸ்கவேட்டர் எஞ்சின் ஓவர்ஹால்: எது ஒரிஜினல், எது வெளி கம்பெனி, எதை ரிப்பேர் பண்ணி ஓட்டலாம்?

கோத்தகிரி பிசி200

எல்லாருக்கும் வணக்கம். வண்டி கொமாட்சு பிசி200-7, எஞ்சின் 6டி102. மீட்டர் 11,400 மணி. தேயிலைத் தோட்ட ரோட்டு வேலையில் இருக்கு.

காலையில் ஸ்டார்ட் பண்ணதும் நீலப்புகை. லோடில் கரும்புகை. பிரீதர் பைப்பில் (எஞ்சின் அடிப்பகுதிக் காற்று வெளியே போற குழாய்) காற்று பலமா அடிக்குது. பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல ஆயில் குறையுது. ரேடியேட்டர் தண்ணியில் எண்ணெய் மிதக்குது, ஆனா டிப்ஸ்டிக்கில் பால் மாதிரி எதுவும் இல்லை.

ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட்: பிஸ்டன், லைனர், ரிங் 6 செட், கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங், ராட் பேரிங், ஹெட் அசெம்பிளி புதுசு, இன்ஜெக்டர் 6 புதுசு, பம்ப் சர்வீஸ், டர்போ புதுசு, ஆயில் கூலர், வாட்டர் பம்ப், ஃபுல் கேஸ்கெட் செட். எல்லாம் ஒரிஜினல் பாக்கெட்.

வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறதுக்குள்ள வண்டி ஓடணும். மண்சரிவு எடுக்கிற வேலைக்கு நின்ன வண்டியை வெச்சுக்கிட்டு இருக்க முடியாது. இந்த லிஸ்ட்டில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டீசல் குன்னூர்

அண்ணா, லிஸ்ட்டை மடிச்சு வெச்சிட்டு முதல்ல சோதனை பண்ணுங்க. எஞ்சினைப் பிரிக்காமலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

தண்ணியில் எண்ணெய், எண்ணெயில் தண்ணி இல்லை. இது ஹெட் கேஸ்கெட்டை விட ஆயில் கூலர் பக்கம்தான் காட்டுது. எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணி பிரஷரை விட ரொம்ப அதிகம், அதனால ஓட்டை இருந்தா எண்ணெய்தான் தண்ணிக்குள்ள போகும். சூட்டோட நிறுத்தினா ரேடியேட்டரில் மிச்சம் நிக்கிற பிரஷர் கொஞ்சம் தண்ணியை எண்ணெய்க்குள்ள தள்ளலாம். அதனால ராத்திரி முழுக்க நின்ன பிறகு சம்ப் டிரெயின் போல்ட்டை லேசா தளர்த்தி முதல் சொட்டு தண்ணியா எண்ணெயான்னு பாருங்க.

இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்கோட ஒட்டின மூடிக்குள்ள தட்டு தட்டா கூலர் இருக்கும். கழட்டி, ஒரு ஓட்டையை அடைச்சு, இன்னொண்ணில் 4 பார் அளவு காற்று விட்டு, வெந்நீரில் முக்குங்க. பச்சைத் தண்ணியில் தெரியாத விரிசல் வெந்நீரில் குமிழி விடும். கூலரில் கசிவு உறுதியானா கூலர் கோரும் ரெண்டு கேஸ்கெட்டும் போதும், ஹெட் அசெம்பிளிக்கு வேலையே இருக்காது.

ரெண்டாவது, எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பாருங்க. ஐடிலில் வெச்சு இன்ஜெக்டர் பைப் நட்டை ஒண்ணொண்ணா தளர்த்துங்க. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கணும். தளர்த்தினதும் சத்தம் மாறினா அந்த சிலிண்டர் உயிரோட இருக்கு. மாறலைன்னா அங்கே இன்ஜெக்டரா கம்ப்ரெஷனான்னு தேடணும்.

மூணாவது, பிரீதர் காற்று. ரிங் தேய்ஞ்சாதான் பிரீதர் அடிக்கும்னு இல்லை. டர்போ சீல் போனாலும் எக்ஸாஸ்ட் காற்று டர்போ ரிட்டர்ன் பைப் வழியா கிராங்க் கேஸுக்குள்ள இறங்கும். ரிட்டர்ன் பைப்பைப் பிளாக்கில் இருந்து கழட்டி, பிளாக் ஓட்டையை அடைச்சு, பைப்பை ஒரு கேனில் விட்டு, ஐடிலில் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பாருங்க. பிரீதர் அடங்கினா குற்றவாளி டர்போ.

மெக்கானிக்கல் கேஜ் போட்டு ஆயில் பிரஷரும் எடுங்க. ஆயில் நல்லா சூடான பிறகு ஐடிலில் 10 பிஎஸ்ஐ, ஃபுல் வேகத்தில் 30 பிஎஸ்ஐ கீழ் எல்லை. அதுக்கு மேல தாராளமா இருந்தா கிராங்க் கிரைண்டிங்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதினது சந்தேகத்துக்கு உரியது.

கரும்புகை பத்தி ஒரு வார்த்தை. நம்ம உயரத்தில் காற்றே மெலிசு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருக்கிறதில் 80 சதவீதம்தான். டர்போ இருக்கிற எஞ்சின் இதை ஓரளவு சமாளிக்கும், ஆனா ஏர் ஃபில்டர் கொஞ்சம் அடைச்சாலும், இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தாலும் சமவெளியில் காட்டாத புகையை இங்கே காட்டிடும். அதைச் சரி பண்ணாம இன்ஜெக்டர் ஆறும் வாங்காதீங்க.

காரமடை லேத்

எஸ்டிமேட்டில் "லைனர் 6"ன்னு இருக்கே, அதை யார் எழுதினது? இந்த எஞ்சினுக்கு லைனரே (கழட்டி மாத்துற சிலிண்டர் குழாய்) கிடையாது. 6டி102 என்பது கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டரோட அதே குடும்பம்: போர் (சிலிண்டர் துளை) 102, ஸ்ட்ரோக் 120 மி.மீ. பிளாக்கிலேயே நேரடியா போர் வெட்டியிருக்கும். தேய்ஞ்சா ஹோனிங் (உள் சுவரை லேசா தேய்ச்சுச் சரி பண்றது), இல்லைன்னா 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (போரைப் பெருசா வெட்டிப் பெரிய பிஸ்டன் போடுறது), அடுத்து 1.00. அதுக்கும் மேல போனாத்தான் ஸ்லீவ் (துளைக்குள்ள இறுக்கிப் போடுற குழாய்). ஆறு ஸ்லீவ் போடுறதா இருந்தா அது தனி மெஷின் வேலை, அதுக்குத் தனி காரணம் வேணும். அந்த ஒரு வரியை முதல்ல கேளுங்க.

ஹெட்டைக் கழட்டினதும் போர் டயல் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூணு உயரத்தில், கிராங்க் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து எழுதி வாங்குங்க. மொத்தம் 36 அளவு. முட்டை வடிவம் 0.038 மி.மீ., டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் விட்டம் மாறுறது) 0.076 மி.மீ. வரைக்கும் இருந்தா போர் பண்ண வேண்டாம். கிளேஸ் (சுவரில் ஏறின வழவழப்பு) போக ஹோனிங் அடிச்சு, ஸ்டாண்டர்டு ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம். அந்த நிலையில் பிஸ்டன் ஆறும் மிச்சம், ஆனா ரிங் பள்ளம் தேய்ஞ்சிருக்கான்னு அளந்து பார்த்த பிறகுதான் பழைய பிஸ்டனை ஏத்தணும். ரிங்கைப் போருக்குள்ள பிஸ்டன் தலையால் நேராத் தள்ளி வெச்சு முனை இடைவெளி பார்க்கிறதையும் விடாதீங்க.

ஒரே ஒரு சிலிண்டரில் கோடு விழுந்து மத்த அஞ்சும் நல்லா இருந்தா, அந்த ஒண்ணுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டு வரலாம். எல்லாத்தையும் வெட்டினா பிளாக்கோட ஆயுசில் ஒரு படியை வீணா செலவழிச்ச மாதிரி ஆகும்.

போர் பண்றதா இருந்தா, பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் பிளாக்கை மெஷினில் ஏத்தணும். பிஸ்டன் ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, மேனுவல் சொல்ற இடைவெளியை விட்டு வெட்டுறதுதான் முறை. முதல்ல வெட்டிட்டு அப்புறம் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கலைன்னு தேடி அலைஞ்சா, மெஷின் நிக்கிற வாடகை நஷ்டம் பிஸ்டன் விலையைத் தாண்டிடும்.

கிராங்க்: ராட் ஜர்னல் (பேரிங் உட்காருற பகுதி) 69, மெயின் 83 மி.மீ. ஸ்டாண்டர்டு. பழைய பேரிங் முதுகைப் பாருங்க, ஸ்டாண்டர்டா 0.25 அண்டர்சைஸா என்று அடிச்சிருக்கும். அளவுக்குள்ள இருந்து, நகத்தால் தடவினா சிக்காத கோடு மட்டும் இருந்தா பாலிஷ் போதும். கிரைண்டிங் பண்ணினா மூலையில் இருக்கிற வளைவை அப்படியே வைக்கணும். அதைக் கூர்மையா வெட்டிட்டா கிராங்க் அங்கேதான் ஒடியும். நீங்க கூட இருந்து கேட்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

இன்னொண்ணு. ஏன் தேய்ஞ்சதுன்னு தெரியணும். போர் மேல் பக்கம் மட்டும் அதிகமா தேய்ஞ்சு, டர்போ கம்ப்ரெசர் இறக்கை நுனியும் அரிச்சிருந்தா மண்ணு உள்ளே போயிருக்கு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸைக் கழட்டி உள்ளே விரலால் தடவுங்க. செம்மண் ஒட்டினா புது ரிங்கும் அதே வழியில் போகும்.

கோத்தகிரி பிசி200

ரொம்ப நன்றிங்க. லைனர் விஷயத்தைக் கேட்டதுக்கு "எல்லா எஸ்டிமேட்டிலும் அப்படித்தான் போடுவோம்"னு பதில் வந்தது. அளவு எடுத்துத் தரச் சொல்லிட்டேன். கம்மின்ஸ் குடும்பம்னு சொன்னீங்க. அப்போ கம்மின்ஸ் பார்ட்ஸ் நேரா ஏறுமா? எந்த கம்பெனி நம்பலாம்?

பார்ட்ஸ் கோவை

நிறைய ஏறும், எல்லாம் ஏறாது. பேரிங், கேஸ்கெட், ஆயில் கூலர் கோர், தெர்மோஸ்டாட், வால்வு, கைடு, ஆயில் பம்ப் மாதிரி சாமான்களை இணையா ஓடுற நம்பரைப் பிடிச்சு வாங்கலாம். ரெண்டு பாக்கெட்டுக்கும் விலை வித்தியாசம் நல்லாவே தெரியும். பிஸ்டன் மட்டும் அப்படி வாங்காதீங்க. போர் ஒண்ணா இருந்தாலும் மேல் குழி வடிவம், பின் உயரம், ரிங் அகலம் மாறும். குழி தப்பான பிஸ்டனில் இன்ஜெக்டர் ஸ்பிரே சரியா விழாது, புகையும் டீசல் செலவும் கூடும். பழைய பிஸ்டனைக் கழட்டிக் கொண்டு வாங்க, இல்லைன்னா குழி, பின் துளை, தலை நம்பர் மூணும் தெரியிற மாதிரி போட்டோ அனுப்புங்க.

போன் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின் பிளேட்டைத் துடைச்சு மாடல், சீரியல் நம்பர் ரெண்டையும் படம் எடுங்க. கம்மின்ஸ் பிளேட்டா இருந்தா சிபிஎல் நம்பரும் (எந்த பார்ட்ஸ் லிஸ்ட்டில் கட்டின எஞ்சின்னு காட்டுற எண்) வேணும். "பிசி200-க்கு ஒரு செட்"னு கேட்டா கடைக்காரர் அதிகமா ஓடுற செட்டைத்தான் அனுப்புவார்.

வெளி கம்பெனின்னா எல்லாம் ஒரே தரம் இல்லை. எஞ்சின் கம்பெனிகளுக்கே சப்ளை பண்றவங்க சொந்தப் பெயரிலும் கடைக்கு விடுவாங்க. பேரிங்குக்கு பைமெட்டல், பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், ரிங்குக்கு கோட்சே (Goetze), வால்வுக்கு ரானே, கேஸ்கெட்டுக்கு டால்ப்ரோஸ், ஃபில்டருக்கு ஃப்ளீட்கார்டு, டொனால்ட்சன். இவங்ககிட்ட உங்க எஞ்சின் நம்பருக்கு சாமான் இருக்கான்னு கேட்லாக்கில் பார்த்துட்டு வாங்கினா தரத்தில் இறங்காம விலையில் இறங்கலாம். பெயரே இல்லாத வெள்ளை டப்பா பேரிங்கை மட்டும் இலவசமா கொடுத்தாலும் வாங்காதீங்க.

கேஸ்கெட்டில் ஒரு சூட்சுமம். அப்பர் செட், லோயர் செட்னு தனித்தனியா கிடைக்கும். ஹெட் மட்டும் திறக்கிறீங்கன்னா ஃபுல் செட் வேண்டாம். ஓவர்ஹாலுக்கு வாங்கினா ஃபுல் செட் லாபம், ஆனா உள்ளே கிராங்க் சீல் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. சில செட்டில் இருக்காது.

எதையும் ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க. நீங்க ஜிஎஸ்டி பதிவில் இருக்கிற ஒப்பந்ததாரர்னா கட்டின வரியை இன்புட்டா எடுக்கலாம், பில் இல்லாத "தள்ளுபடி" அதுக்கு முன்னாடி நிக்காது. பாக்கெட் பிரிக்காத சாமான் திரும்ப எடுப்பாங்களான்னு பில்லிலேயே எழுதி வாங்குங்க.

கூடலூர் டிப்பர்

இவ்வளவு எதுக்கு? கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ ஓடின எஞ்சின் முழுசா கிடைக்கும். தூக்கி வெச்சா ரெண்டு நாளில் வேலைக்குப் போயிடலாம். ஓவர்ஹால் செலவில் பாதிகூட ஆகாது.

டீசல் குன்னூர்

கிடைக்கும் தம்பி. ஆனா அந்த எஞ்சின் எத்தனை மணி ஓடினது, ஏன் கழட்டினாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஓட்டிக் காட்டாத எஞ்சினை மலைக்கு ஏத்திட்டு, ஓடலைன்னா மறுபடி கீழே இறக்குற வாடகை, கிரேன் செலவு எல்லாம் நம்ம தலையில்.

பழைய மார்க்கெட்டில் நான் வாங்கச் சொல்றது அசையாத சாமான்: டைமிங் கவர், ஃப்ளைவீல் ஹவுசிங், சம்ப், மேனிஃபோல்டு, ராக்கர் கவர், பிராக்கெட். ஹெட்டும் வாங்கலாம், ஆனா பிரஷர் டெஸ்ட் பண்ணி, வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் இல்லைன்னு பார்த்த பிறகுதான் காசு. கிராங்க்கும் ராடும் விரிசல் சோதனை பண்ணாம தொடாதீங்க. பழைய ராட் போல்ட், பழைய பேரிங், பழைய டர்போ மூணும் வேண்டவே வேண்டாம். ராட் போல்ட் ஒண்ணு விட்டா ராட் பிளாக்கைத் துளைச்சுக்கிட்டு வெளியே வரும். அப்புறம் பேசுறதுக்கு பிளாக்கே இருக்காது.

கூடலூர் டிப்பர்

சரிங்கண்ணா, ஹெட் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா ஓட்டிக் காட்டி, கம்ப்ரெஷன் எடுத்துக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட வாங்கினா தப்பில்லைன்னுதான் இப்பவும் சொல்வேன்.

பம்ப் ரூம்

இன்ஜெக்டர் ஆறும் புதுசுன்னு போட்டிருக்காங்க. இது மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின். இன்ஜெக்டர் பாடி அவ்வளவு சீக்கிரம் போகாது, நாசில்தான் தேயும். பெஞ்சில் வெச்சு திறக்கிற பிரஷர், ஸ்பிரே வடிவம், சொட்டு ஒழுகல் மூணையும் பார்த்து, நாசில் மட்டும் மாத்தி, ஷிம் வெச்சு பிரஷர் சரி பண்ணினா போதும். நாசில் நம்பர் பாடியில் இருந்த பழசோட ஒத்துப் போகணும். ஆறையும் ஒரே பிரஷருக்குக் கொண்டு வாங்க.

அடியில் வர்ற காப்பர் வாஷர் புதுசுதான் போடணும். விலை ஒண்ணுமே இல்லை. பழைய வாஷர் அடியில் ஒட்டியிருக்க, மேல புதுசு போட்டு ரெண்டா வெச்சிட்டா நாசில் மேலே ஏறிடும், ஸ்பிரே பிஸ்டன் குழியில் விழாது. எவ்வளவு காசு செலவழிச்சாலும் புகை நிக்காது. டார்ச் அடிச்சுப் பழைய வாஷர் வெளியே வந்திருச்சான்னு பாருங்க.

பம்பை டெஸ்ட் பெஞ்சில் அளவு எடுத்து, ரிப்போர்ட் பார்த்துட்டு எலிமென்ட் மாத்துறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. "புகை வருது, டீசலைக் குறைச்சுடுங்க"ன்னு சீல் உடைச்சுத் திருப்புறது வேண்டாம்.

டர்போ: ஷாஃப்டைத் தள்ளி இழுத்தா ஆட்டம் 0.1 மி.மீ. அளவுக்குள்ள இருந்து, இறக்கை ஹவுசிங்கில் உரசின தடம் இல்லாம, எண்ணெய் ஒழுகாம இருந்தா அப்படியே விடலாம். போயிருந்தாலும் ரெண்டு ஹவுசிங்கும் நல்லா இருந்தா நடு கோர் மட்டும் வாங்குங்க, பேலன்ஸ் பண்ண சீட்டோட. போடும்போது ஆயில் ஃபீட் பைப்பைப் புதுசா மாத்துங்க. பழைய பைப்புக்குள்ள கரி படிஞ்சிருந்தா புது கோரும் எண்ணெய் இல்லாம எரியும். கோர் ரெண்டாவது தடவை போறதுக்குப் பெரும்பாலும் இந்தப் பைப்தான் காரணம்.

பண்ணைக்காடு

பழனி மலைப் பக்கம் நாங்க வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரைன்னு இறங்கணும். ஒரு சீலுக்காக வண்டி எடுத்தா சீல் விலையைப் போல பல மடங்கு டீசல். அதனால சாமானை அளவாலும் நம்பராலும் சொல்லி வரவழைக்கிற பழக்கம் வந்துடுச்சு.

ஆயில் சீல்: உள் விட்டம், வெளி விட்டம், அகலம், மி.மீ.யில். கூடவே டஸ்ட் லிப் இருக்கா, ரப்பர் எது என்பதும் சொல்லணும். கிராங்க் பக்கம் சூடு தாங்க வைட்டான், சாதாரண இடத்துக்கு நைட்ரைல். ஆல்டர்னேட்டர், டென்ஷனர் பேரிங்: பக்கவாட்டில் 6203, 6305னு அடிச்சிருக்கும். அதே நம்பர், அதே சீல் வகை பேரிங் கடையில் வாங்கினா எஞ்சின் கம்பெனி பாக்கெட் தேவையில்லை. பெல்ட்டும் அப்படித்தான், 8பிகே1420 மாதிரி முதுகில் எழுதியிருக்கும். அழியறதுக்குள்ள நோட்டில் எழுதி வெச்சுக்கோங்க.

ஸ்டார்டர் மோட்டாரை முழுசா மாத்தாதீங்க. பெரும்பாலும் கார்பன் பிரஷ், புஷ், சோலினாய்டு, பெண்டிக்ஸ் இந்த நாலில் ஒண்ணுதான்.

எதில் கஞ்சத்தனம் கூடாதுன்னா ரேடியேட்டர் மூடி. இதை அழுத்திச் சொல்றேன். உயரத்தில் தண்ணி சீக்கிரம் கொதிக்கும், ஊட்டி உயரத்தில் 92-93 டிகிரி. தெர்மோஸ்டாட் 83-ல் திறக்க ஆரம்பிச்சு 95 வாக்கில்தான் முழுசா திறக்கும். மூடியோட ஸ்பிரிங் தளர்ந்து பிரஷர் பிடிக்கலைன்னா, தெர்மோஸ்டாட் முழுசா திறக்கிறதுக்குள்ள ஹெட்டைச் சுத்தி ஆவிக் குமிழி வந்துடும். 0.9 பார் பிடிக்கிற மூடி இருந்தா அதே தண்ணி 115 டிகிரி வரைக்கும் தாங்கும். சில நூறு ரூபாய் மூடி ஹெட் கேஸ்கெட்டைக் காப்பாத்துது. வெறும் ஓடைத் தண்ணி ஊத்தாதீங்க, கூலன்ட் பாதிக்குப் பாதி. டிசம்பர், ஜனவரி உறைபனிக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஊட்டி 3டிஎக்ஸ்

இடையில் கேக்குறேன், மன்னிக்கணும். 2021-க்குப் பிறகு வந்த காமன் ரயில் பேக்ஹோவுக்கும் இந்த நாசில் மாத்துற வழி ஓடுமா?

பம்ப் ரூம்

ஓடாதுங்க. காமன் ரயில் இன்ஜெக்டரை அந்த கம்பெனி பெஞ்ச் இருக்கிற இடத்தில்தான் பிரிக்கணும். மாத்தினா அதோட கோடு நம்பரை இசியுவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஏத்தணும். உங்களுக்கு மிச்சம் வேற இடத்தில் இருக்கு: ஃபால்ட் கோடு வந்ததும் சென்சார் வாங்காதீங்க. முதல்ல கனெக்டர் பின்னில் பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க, வயரில் எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. நம்ம மழைக்கும் பனிக்கும் பாதி சென்சார் கோளாறு கனெக்டரில்தான். டீசல் ஃபில்டரும் வாட்டர் செபரேட்டரும் ஒரிஜினல் மட்டும். கேனில் இருந்து துணி வெச்சு வடிகட்டி ஊத்துற டீசலில் அந்த இன்ஜெக்டர் தாங்காது.

கோத்தகிரி பிசி200

அளவு வந்துடுச்சு. கூலர் கோர் வெந்நீரில் குமிழி விட்டது. ஹெட் பிரஷர் டெஸ்டில் நல்லா இருக்கு, கைடும் சீட்டும் மட்டும் வேலை. போர்: 1, 2, 6-ல் டேப்பர் 0.09 முதல் 0.11. மத்த மூணும் 0.06 சுற்றி. ஆயில் பிரஷர் ஐடிலில் 18 பிஎஸ்ஐ. கிராங்க் ஸ்டாண்டர்டு அளவுக்குள்ள இருக்கு. டர்போ ஆட்டம் சரி, ஆனா இறக்கை நுனி அரிச்சிருக்கு. நீங்க சொன்ன ஹோஸில் கிளாம்ப் ஓரம் கிழிசல். ஆறையும் 0.50-க்கு வெட்டுறதா, மூணை மட்டுமா?

காரமடை லேத்

ஆறையும் 0.50 வெட்டுங்க. மூணு எல்லை தாண்டிடுச்சு, மத்த மூணும் பாதி ஆயுசை முடிச்சுடுச்சு. இப்ப ரிங் போட்டு விட்டா, மழை வேலை நடுவில் திரும்ப ஹெட்டைத் திறக்கணும். மூணு ஸ்லீவுக்குக் கொடுக்கிற காசை பிஸ்டனில் போடலாம். கிராங்க்குக்கு பாலிஷ், ஸ்டாண்டர்டு பேரிங். ஜர்னல் மேல் மூடியைப் பேரிங்கோட டைட் பண்ணி, பிளாஸ்டிகேஜ் நூலை நசுக்கி இடைவெளி பார்த்த பிறகு மூடுங்க.

டீசல் குன்னூர்

அப்போ லிஸ்ட் இப்படி வருது: பிஸ்டன், ரிங் 0.50 ஆறு, ஸ்டாண்டர்டு பேரிங், ஃபுல் கேஸ்கெட், ராட் போல்ட் 12, கைடு, வால்வு தேவையானது மட்டும், நாசில் ஆறு, கூலர் கோர், டர்போ கோர், ஃபீட் பைப், ஏர் ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி. ஹெட் அசெம்பிளி, இன்ஜெக்டர் பாடி, டர்போ ஹவுசிங், கிராங்க் கிரைண்டிங், இல்லாத லைனர் எல்லாம் அடிச்சாச்சு. வாட்டர் பம்பில் ஷாஃப்ட் ஆட்டமும் அடித்துளையில் கசிவும் இல்லைன்னா அதையும் விடலாம்.

மூடும்போது கவனிக்க வேண்டியது. முன் டைமிங் கேஸில் ஒரு சின்ன டவல் பின் (இடம் பிடிக்கிற உருளை ஆணி) இருக்கும். இந்தக் குடும்பத்தில் பழைய தயாரிப்புகளில் அது அதிர்வில் நழுவி கியருக்குள்ள விழுந்திருக்கு. கவர் திறந்திருக்கும்போதே பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகடு வெச்சு அதை மறைச்சுடுங்க. பின் கிராங்க் சீல் டெஃப்லான் வகைன்னா லிப்பில் எண்ணெய் தடவக் கூடாது, ஷாஃப்டும் சீலும் காய்ஞ்ச நிலையில் ஏத்தணும். தடவினா ஒழுகும்.

வால்வு கேப் (இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. இது 12 வால்வு ஹெட்டுக்கு, உங்க மேனுவலோட ஒத்துப் பார்த்துக்கோங்க. கூலன்ட் ஊத்துறதுக்கு முன்னாடி ரேடியேட்டரையும் பிளாக்கையும் சோப்புத் தண்ணியில் ரெண்டு தடவை ஓட்டிக் கழுவுங்க. எண்ணெய் ஊறி உப்பின ஹோஸ் எல்லாம் மாத்தணும், அது கண்டிப்பா பிடுங்கிக்கும். டர்போவில் எண்ணெய் ஊத்தி, டீசலை நிறுத்தி வெச்சு, பிரஷர் காட்டுற வரைக்கும் ஸ்டார்டரில் சுத்திட்டுத்தான் ஸ்டார்ட். ஐடிலில் மணிக்கணக்கா போட்டு வைக்காதீங்க, ரிங் உட்காராது. மிதமான லோடில் மண் அள்ளவிட்டு, 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, வால்வு கேப் மறுபடி பாருங்க.

பார்ட்ஸ் கோவை

பிஸ்டன் குழி போட்டோ பார்த்துட்டேன், 0.50-ல் ஒத்து வர்ற செட் இருக்கு. கூலர் கோரும் கேஸ்கெட்டும் சேர்த்தே அனுப்பலாம். டர்போ கோருக்கு மட்டும் ஹவுசிங்கில் இருக்கிற பிளேட் நம்பரைப் படம் எடுத்துப் போடுங்க, அது வந்ததும் எல்லாம் ஒரே பார்சலா மேட்டுப்பாளையம் வழியா ஏத்திடலாம்.